முதலில் இருபது பொட்டலம்

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. நீ அனுப்பிய திட்டத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து வாங்கி, ஒரு பக்கம் விடாமல் படித்தேன். போனில் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், நடுவில் உன் அம்மா வாங்கிப் பேசுவாள், சொல்ல வேண்டியது நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறைய உழைத்திருக்கிறாய். செட்டிநாட்டுப் பலகாரத்தில் பதினான்கு வகை, எந்தப் பண்டிகைக்கு எது போகும், சென்னையில் யார் யார் இதே தொழிலில் இருக்கிறார்கள், அவர்கள் விலை என்ன, டப்பா என்ன நிறம், மூன்று வருஷத்து வரவு செலவு என்று எல்லாம் இருக்கிறது. மணகோலத்துக்கு வெல்லப்பாகை எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறாய். லீவுக்கு வந்தபோதெல்லாம் என் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்ததை மறக்காமல் வைத்திருக்கிறாயே என்று மனசு நிறைந்துபோனது.

ஒன்றை மட்டும் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இதுவரை யாராவது உன்னிடம் காசு கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கியிருக்கிறார்களா? வேலையை விட்டு எட்டு மாதம் ஆகப்போகிறது. அக்கம்பக்கத்தில் கொடுத்தாய், ஆபீஸ் தோழிகளுக்குக் கொடுத்தாய், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்ததுதான் இருக்கிறது. விற்றது இல்லை.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்தில் இனி ஒரு பக்கமும் சேர்க்காதே. இந்த வாரம் கால் கிலோப் பொட்டலமாக இருபது போடு. உன்னைத் தெரியாதவர்களுக்கு, முழு விலைக்கு, அந்த இருபதையும் விற்று முடி. அதற்கப்புறம் திட்டத்தைத் திறந்து எதை மாற்றலாம் என்று பார்.

நீ ஏன் இத்தனை நாள் தாளிலேயே நிற்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அப்பா கடை மூழ்கியபோது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். வட்டிக்காரர்கள் வாசலில் வந்து நின்றது, உன் அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்தது எல்லாம் உன் கண் முன்னால் நடந்தது. தொழில் என்றாலே அந்த வாசல்தான் உனக்கு ஞாபகம் வரும். யோசிக்காமல் இறங்கியதால்தான் அப்பாவுக்கு அப்படி ஆயிற்று, நாம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாய்.

ஆனால் அத்தான் யோசிக்காத மனிதர் இல்லை, பாப்பா. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். கடை திறக்கும் முன்னாலேயே நோட்டுப் போட்டு, எந்தத் தட்டில் எந்தப் பாத்திரம் என்றுகூட வரைந்து வைத்திருந்தார். அந்தத் தெருவில் யார் எதை வாங்குவார்கள் என்று தெரிவதற்கு முன்னாலேயே வட்டிக்குக் கடன் வாங்கிக் கடை நிறையச் சரக்கை நிரப்பினார். கனமான பித்தளையும் வெண்கலமுமாக அடுக்கினார். தெருவில் வந்தவர்கள் கேட்டதோ எவர்சில்வர் டிபன் கேரியரும் குக்கர் ரப்பரும். சரக்கு தூங்கியது, வட்டி தூங்கவில்லை. திருவிழாவின்போது தரையில் சாக்கு விரித்து நாலு சாமான் வைத்து விற்றிருந்தாலே தெரு என்ன கேட்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவுக்கு வந்தது உனக்கும் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் எழுதிக்கொண்டே இருக்கிறாய். எழுதி எழுதி, கடைசியில் அவர் செய்ததையே செய்யப் போகிறாய். ஒன்றரை லட்சத்துக்கு முறுக்குப் பிழியும் மெஷின், பதினான்கு வகைக்கும் அச்சடித்த டப்பா, ஒரு வருஷ வாடகைக்கு இடம் என்று எல்லாச் செலவும் முதல் பொட்டலம் விற்பதற்கு முன்னாலேயே வருகிறது.

இருபது பொட்டலம் என்பது ஐந்து கிலோ. சாமான், கேஸ், கவர் எல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்துச் சொச்சம். முழுக்கத் தோற்றாலும் போவது அவ்வளவுதான். துணிச்சலாக இறங்கு என்று நான் சொல்கிறேன் என நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் போலப் பயந்த பிள்ளைக்கு இதைவிட ஜாக்கிரதையான வழி எனக்குத் தெரியவில்லை.

லிஜ்ஜத் அப்பளம் உனக்குத் தெரியும். அது எப்படி ஆரம்பித்தது என்று படித்திருக்கிறாயா? 1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காம் பக்கம் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடினார்கள். எல்லாரும் குஜராத்திக் குடும்பப் பெண்கள். சகன்லால் பாரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கி மாவு, சாமான் வாங்கினார்கள். முதல் நாள் தேய்த்தது நாலு பாக்கெட் அப்பளம். அதை பூலேஷ்வரில் தெரிந்த ஒரு வியாபாரியிடம் கொண்டுபோய் விற்றார்கள். முதல் வருஷம் மொத்த விற்பனை 6,196 ரூபாய். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்றைக்கு 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அந்த அப்பளத்தைத் தேய்த்துச் சம்பாதிக்கிறார்கள்.

இந்தக் கதையில் என்னை நிறுத்தியது அந்தப் பெரிய எண்ணிக்கை இல்லை. முதல் வருஷம் மழைக்காலம் வந்ததும் அப்பளம் காயவில்லை. நாலு மாதம் தொழிலையே நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டிக் காயவைத்தார்கள். மழை வரும் என்பது பம்பாயில் யாருக்குத் தெரியாது? ஆனால் தங்கள் அப்பளத்துக்கு எத்தனை சூடு வேண்டும், எத்தனை நேரம் வேண்டும், அதற்குக் கட்டிலும் அடுப்பும் போதுமா என்பதெல்லாம் ஒரு வருஷம் விற்ற பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. முதல் நாளே உலர்த்தும் மெஷின் வாங்கலாமா என்று உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த 80 ரூபாய் அப்படியே கிடந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் உயர்ந்த தரம் ஒன்று, மட்டமாக விலை குறைந்தது ஒன்று என்று இரண்டு வகை போட்டார்கள். தரத்தில் இறங்கவே கூடாது, ஒரே தரம் போதும் என்று கடன் கொடுத்த பாரேக் சொல்லி நிறுத்தினார். உன் பதினான்கு வகையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நம் பக்கத்து ஆளையே சொல்கிறேன். கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக ஷாம்பு போட ஆரம்பித்தார். சின்ன சாஷேயில் அடைத்து விற்பதற்கு வழிகாட்டியவர் அவருடைய அப்பா சின்னிகிருஷ்ணன். அந்தப் பெயரை வைத்துத்தான் சிக் ஷாம்பு. கிராமத்தில் பலருக்கு ஷாம்பு பழக்கமே இல்லாத காலம் அது. இவருடைய ஆட்கள் தெருத் தெருவாகப் போய், ஊர்ப் பையன்களை நிறுத்தி, எல்லார் முன்னாலும் தலையில் ஷாம்பு தேய்த்துக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார், முகர்ந்து பார் என்று சொல்லி விற்றார்கள். அப்படித் தெருவில் நின்ற கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

உன் திட்டத்தில் இரண்டாவது மாதமே ஒரு நாளைக்கு நூறு பொட்டலம் என்று போட்டிருக்கிறாய். ஐடி ஃப்ரெஷ் என்று தோசை மாவு விற்கிறார்களே, பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுக்காரப் பையன்களும் 2005-ல் பெங்களூரில் ஆரம்பித்தது. ஐம்பது சதுர அடி இடம், பக்கத்திலிருந்த கடைகளுக்கு மட்டும் மாவு. ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் என்ற எண்ணிக்கையைத் தொட அவர்களுக்கே ஒன்பது மாதம் பிடித்தது. தோசை மாவு அன்றாடம் தேவைப்படும் பொருள், தேன்குழல் அப்படி இல்லை. உன் நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உன்னால் சொல்ல முடியாது. இருபது பொட்டலம் விற்ற பிறகு நீ சொல்கிற எண்ணிக்கைக்கு ஒரு காரணம் இருக்கும்.

இப்போது உனக்கும் எனக்கும் பொதுவான ஒரு சங்கடம். பலகாரத்துக்குக் காசு கேட்க நம் வாய் வராது. நம் வீட்டில் பலகாரம் என்றால் சம்படத்தைத் திறந்து தட்டில் வைத்துக் கொடுப்பதுதான். பெண்ணுக்குச் சீர், பிள்ளைக்குத் தீபாவளி, வந்தவர்களுக்கு மரியாதை. அதைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டுவது கௌரவக் குறைச்சல் என்று பிறந்ததிலிருந்தே நமக்குள் ஊறியிருக்கிறது. நான் பலகாரம் விற்க ஆரம்பித்த புதிதில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு டீச்சர் சீப்புச் சீடை கேட்டு வந்தார்கள். எவ்வளவு என்றார்கள். இருக்கட்டும், எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன். அந்த அம்மா பொட்டலத்தைத் திண்ணையிலேயே வைத்துவிட்டார்கள். "நீ காசு வாங்கலைன்னா நான் அடுத்த தடவை எப்படி வந்து கேட்பேன்?" என்றார்கள். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிய பாடம் சொல்லவில்லை. சும்மா கொடுத்தால் வாங்கினவர்களால் திரும்ப வந்து கேட்க முடியாது. குறையும் சொல்ல முடியாது. உப்புக் கூடிப்போச்சு என்று ஓசியில் சாப்பிட்டவர்கள் யாராவது சொல்வார்களா? நீ கொடுத்த எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றதற்குக் காரணம் அதுதான். உன் கைப்பக்குவம் நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காசு கொடுத்தவர் சொல்கிற குறைதான் உனக்கு உதவும்.

எனக்கு என்னவெல்லாம் அப்படித் தெரிய வந்தது என்று சொல்கிறேன். தேன்குழல் மொறுமொறுவென்று இருந்தால்தான் நன்றாகப் போகும் என்று நினைத்திருந்தேன். விற்க ஆரம்பித்த பிறகு வயசானவர்கள், ருசியா இருக்கு ஆனா கடிக்க முடியலை என்றார்கள். வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டி, அவர்களுக்கென்று தனி ஈடு போட்டேன். இன்றைக்கு எங்கள் கடையில் வாரா வாரம் தவறாமல் போவது அதுதான். கிலோக் கணக்கில்தான் கேட்பார்கள் என்று பெரிய கவர் வாங்கி வைத்திருந்தேன். வேலைக்குப் போகிற பெண்கள் கால் கிலோதான் கேட்டார்கள், சாயங்காலம் பிள்ளைக்குக் கொடுக்க, பிரித்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிட வேண்டும் என்றார்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு எடையே தேவையில்லை, எண்ணிக்கைதான். சீர்த் தட்டில் கைமுறுக்கு நூற்றியொன்று என்றால் நூற்றியொன்றும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்றில்கூடக் கீறல் இருக்கக் கூடாது. அதற்கு விலையும் வேறு, செய்கிற கையும் வேறு. எத்தனை பக்கம் எழுதி யோசித்திருந்தாலும் இதில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது.

விலை. இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் உன் கணக்கில் ஓட்டை இருப்பது இங்கேதான். தேன்குழலுக்குச் சாமான் செலவு கிலோவுக்கு 150 ரூபாய் என்று போட்டு, 320-க்கு விற்றால் 170 லாபம் என்கிறாய். அரிசி, உளுந்து, எண்ணெய், வெண்ணெய் வரைக்கும் உன் கணக்குச் சரி. கேஸ், கவர், லேபிளுக்கு ஒரு 35 சேர். பத்துக் கிலோ சுட்டால் கொஞ்சமாவது உடையும், உடைசலை அந்த விலைக்கு விற்க முடியாது. அதற்கு ஒரு 15. சட்டியில் மிஞ்சுகிற எண்ணெயை நீ கணக்கிலேயே எடுக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது. எண்ணெயில் மொத்த போலார் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சட்டம் இல்லாவிட்டாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். பழைய எண்ணெயில் சுட்ட முறுக்கு நாலே நாளில் சிக்கு வாடை அடிக்கும். அதற்கு ஒரு 15 வை. ஆக, 215. பத்துக் கிலோவுக்கு இரண்டு பேர் அரை நாள் நிற்க வேண்டும். ஆளுக்கு 500 ரூபாய் என்றால் கிலோவுக்கு 100. இப்போது 315 ஆகிவிட்டது. நீ போட்ட 320-ல் மிச்சம் ஐந்து ரூபாய்.

நானேதானே செய்கிறேன், எனக்கு எதற்குக் கூலி என்பாய். ஒரு நாள் உனக்குக் காய்ச்சல் வரும். அன்றைக்கு வேறு ஒரு பெண்ணை நிறுத்த வேண்டி வரும், அவளுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் கால் கிலோவுக்கு 110 ரூபாய் என்று வை. கிலோ 440. கடைகளுக்குப் போட இப்போது போகாதே. ஏன் என்பதும் இதே கணக்கில் தெரியும். கடைக்காரர் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து கேட்பார். 440-ல் கால் பங்கு போனால் உன் கைக்கு வருவது 330. அதோடு விற்ற பிறகு காசு என்பார், விற்காததைத் திருப்பித் தருவார், அது வெயில் படும் இடத்தில் தொங்கிச் சிக்கு அடித்துத்தான் திரும்பி வரும். கடை வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் சரக்கைப் பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் அந்தத் தெருவில் பத்துப் பேர் இருக்கும்போது போ. அப்போது அவரே கூப்பிட்டுப் பேசுவார்.

இந்த 110-க்கு யாரும் வாங்கவில்லை என்றால்? அதைத்தான் ஆயிரம் ரூபாய்ச் செலவில் தெரிந்துகொள்ளப் போகிறாய். ஆனால் தள்ளுபடி கொடுத்து விற்காதே. 80-க்கு இருபது பேர் வாங்கினார்கள் என்பது உனக்கு ஒன்றையும் சொல்லாது. 110-க்கு ஏழு பேர் வாங்கினார்கள் என்றால் அதை வைத்து அடுத்த வாரத்துக்கு ஒரு முடிவு எடுக்கலாம்.

எப்படிச் செய்வது என்று என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன், உன் இடத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள். உங்கள் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருப்பதாக உன் அம்மா சொன்னாள். தேன்குழலும் சீப்புச் சீடையும் மட்டும் போடு. அதிரசம் வேண்டாம், பாகு மாவு பக்குவம் தவறினால் எல்லாம் போய்விடும். மணகோலமும் பிறகு பார்க்கலாம். புதன்கிழமைக்குள் பெயர் கொடுத்துப் பணம் அனுப்பினால் சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வரும் என்று எழுது. பணம் வந்த பிறகு அரிசியை ஊற வை. மாவு திரிப்பது வியாழன், சுடுவது வெள்ளி. கொடுக்கும்போது கதவில் மாட்டிவிட்டு வந்துவிடாதே. நேரில் கொடுத்து முகத்தைப் பார். அடுத்த வாரம் போய்க் கேள். எப்படி இருந்தது என்று கேட்காதே, எல்லாரும் நல்லா இருந்தது என்பார்கள். யார் சாப்பிட்டார்கள், எப்போது தீர்ந்தது, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேள். ஒரு வீட்டில் அடுத்த நாளே தீர்ந்திருந்தால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள். உன் வாடிக்கையாளர் யார் என்று திட்டத்தில் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறாயே, அதற்கு விடை அந்த வீட்டில்தான் இருக்கிறது.

நோட்டில் எழுத வேண்டியது பெயர், என்ன வாங்கினார்கள், தேதி, திரும்ப வாங்கினார்களா என்பது மட்டும்தான். அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் நான் இன்றைக்கும் முதலில் பார்ப்பேன். ஒரு தடவை வாங்குவது உன் முகத்துக்காக இருக்கலாம், புதுசு என்பதற்காக இருக்கலாம். கேட்காமலே இரண்டாவது தடவை காசு அனுப்பினால் அது பலகாரத்துக்காகத்தான். இருபது பேரில் ஆறு பேர் திரும்ப வாங்கினால் எனக்குப் போன் பண்ணு, மெஷினைப் பற்றிப் பேசலாம். ஒருவர்கூட வரவில்லை என்றாலும் பண்ணு. அப்போது பேச வேண்டியது இன்னும் முக்கியம்.

எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு விற்றால் போதும் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. சாப்பிடுகிற பொருள். உணவுப் பாதுகாப்புப் பதிவை நீ ஏற்கெனவே வாங்கிவிட்டாய் என்று பார்த்தேன், ரொம்ப நல்லது. சிறு அளவில் செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான், அதையும் வாங்காமல் விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். லேபிள் சாதாரணத் தாளில் அச்சடித்து ஒட்டினால் போதும். ஆனால் பலகாரத்தின் பெயர், சேர்மானம், நிகர எடை, செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், அதிகபட்ச விலை, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, பதினான்கு இலக்கப் பதிவு எண், உன் விலாசம், போன் எண் எதுவும் விடுபடக் கூடாது. வீட்டு சிலிண்டரில் வியாபாரத்துக்குச் சுடாதே. 19 கிலோ சிலிண்டர் இப்போதைக்குப் பெரிசு என்றால் ஐந்து கிலோவில் கடைகளுக்கென்றே கிடைக்கிறது.

தேதி விஷயத்தில் ஒன்று. முப்பது நாள் கெடாது என்று எழுதியிருக்கிறாய். அது என் வீட்டில், காரைக்குடிக் காற்றில். நீ இருப்பது கடலுக்குப் பக்கம். ஒவ்வொரு ஈட்டிலும் மூன்று பொட்டலத்தை எடுத்துத் தனியாக வை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று பிரித்துக் கடித்துப் பார். என்றைக்கு நமத்துப்போகிறதோ, என்றைக்கு வாடை மாறுகிறதோ, அதற்கு நன்றாக முன்னாலேயே தேதியைப் போடு. அது தெரிகிற வரைக்கும் பத்து நாள் என்றே போடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதையும் குறைக்க வேண்டியிருக்கும்.

பெயரைப் பதிவு செய்வது, ஜிஎஸ்டி, வெப்சைட் இதெல்லாம் காத்திருக்கலாம். ட்ரேட்மார்க்குக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்க ஆரம்பித்த பிறகு கட்டு. தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்கும்வரை வருஷ விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. நீ அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். கடனும் அப்படித்தான். முத்ராவில் சிசு என்ற பிரிவில் 50,000 வரை கிடைக்கும், அது நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே வாங்கி நிமிர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆறு மாதம் விற்ற நோட்டோடு பாங்குக்குப் போகிறவளின் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இன்னொரு பணமும் இருக்கிறது, அதற்கு வட்டி கிடையாது. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் நான் ஆர்டர் எடுப்பேன், பாதிப் பணம் முன்பணம். அந்தப் பணத்தில்தான் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் வரும். வருஷா வருஷம் வாங்கிப் பழகினவர்கள் என்பதால் கேட்காமலே கொடுத்துவிடுவார்கள். அந்த நம்பிக்கை ஒரு வருஷத்தில் வராது. ஆனால் இந்த ஆடியில் இருபது பொட்டலத்தோடு ஆரம்பித்தால் வருகிற தீபாவளிக்கே முப்பது, நாற்பது வீட்டில் முன்பணம் வாங்கலாம். டப்பா நிறத்தை முடிவு பண்ணிவிட்டு ஆரம்பிக்கிறேன் என்றால் அடுத்த வருஷத் தீபாவளிதான்.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வேலையை விட்டுவிட்டு வீடு வீடாக முறுக்கு விற்கப் போகிறாளா என்று வருத்தப்படுகிறாள். அவளுக்கும் அந்த வட்டிக்கார வாசல்தான் கண்ணில் நிற்கிறது. யாரிடமும் கடன் வாங்கவில்லை, வந்த பணத்தில்தான் செய்கிறாள் என்று நோட்டைக் காட்டினால் அடங்கிவிடுவாள். அப்பாவை உட்காரவைத்துப் பொட்டலம் நிறுக்கச் சொல். தராசு பிடிப்பதில் அவரைப் போலக் கைப்பழக்கம் யாருக்கும் கிடையாது. கடை போனதிலிருந்து அவரிடம் யாரும் ஒரு வேலையும் சொல்வதில்லை.

நாளைக்குச் சாயங்கால பஸ்ஸில் என் பழைய தேக்கு முறுக்கு அச்சையும், திரித்துச் சலித்த தேன்குழல் மாவு இரண்டு கிலோவையும் பார்சல் போடுகிறேன். அந்த மாவு உன் கைக்குப் பிடிபடுவதற்கு மட்டும்தான், அதில் சுட்டதை விற்காதே, வீட்டில் சாப்பிடுங்கள். விற்பதற்கு நீயே ஊறவைத்துத் திரி. இங்கே என்னிடம் பல வருஷம் சீப்புச் சீடை வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா இப்போது மகனோடு தாம்பரத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. சென்னையில் ஒரு பெண் போடுகிறாள், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். சொந்தம் என்று சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ருசியில் ரொம்பக் கண்டிப்பானவர்கள். முழு விலை வாங்கு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது.

உன் பிள்ளைக்கு என் முத்தம்.

அன்புடன்
உன் சித்தி